கதைக்குள் பேஜரை ஒலிக்க வைப்பது எப்படி? அறிவியல் புனைகதை எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல் புனைகதை ஒன்றில் பேஜரை, அதாவது ரேடியோ அலையில் வரும் சிறு செய்தியைப் பீப் அடித்துக் காட்டும் பாக்கெட் பெட்டியை, தகவல் கருவியாக வைத்து எழுத உட்கார்ந்தபோது, எனக்கு வேண்டிய தகவல் எதுவும் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. தரநிலை ஆவணம் ஒரு பக்கம், பழைய கையேடுகள் ஒரு பக்கம், ரேடியோ அமெச்சூர்களின் பேச்சு இன்னொரு பக்கம் என்று பொறுக்கித்தான் சேர்த்தேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பேஜரை யார் கண்டுபிடித்தார், எப்போது செத்துப்போனது என்பதெல்லாம் இங்கே வராது. கதை எழுத என்ன தேவையோ அது மட்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பேஜர் கேட்கும், பேசாது. அனுப்பியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. இதைக் குறை என்று நினைத்துக் கதையில் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்த மறுகணம் உங்கள் கையில் இருப்பது சுமாரான செல்போன், அவ்வளவுதான்.

1. "ஏன் போன் இல்லை?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள்

வாசகர் முதல் பக்கத்திலேயே இதைக் கேட்பார். பதிலை எழுதி மேசை மேல் ஒட்டிவையுங்கள். கற்பனையாக எதையும் ஜோடிக்கத் தேவையில்லை, நிஜத்திலேயே நல்ல காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் இயற்பியல். அமெரிக்கக் கடற்படை 2004 வரை விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து 76 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பியது. அவ்வளவு தாழ்ந்த அலை மட்டுமே கடல்நீரை ஆழமாக ஊடுருவும். மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று போய்ச் சேரவே சுமார் 15 நிமிடம் ஆகும். அந்த அலையை உண்டாக்கப் பல கிலோமீட்டர் நீளக் கம்பி வேண்டும் என்பதால் நீர்மூழ்கி அதே வழியில் பதில் சொல்ல முடியாது. "மேலே வா, மீதியைச் சொல்கிறேன்" என்பதுதான் அந்தக் குறியீட்டின் வேலை. என்னைக் கேட்டால் உலகின் மிகப் பெரிய பேஜர் அதுதான்.

நிலத்தடிச் சுரங்கங்களிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் உருவான ஒரு முறையில், பெரிய கம்பி வளையத்திலிருந்து கிளம்பும் தாழ்ந்த அலை பாறையைத் துளைத்துப் போய், தொழிலாளியின் தலைவிளக்கை மினுக்கி, இடுப்பிலிருக்கும் பெட்டியில் எழுத்தாக வரும். மேலிருந்து கீழே மட்டும். உங்கள் கதை நிலவின் எரிமலைக் குகையிலோ, ஏதாவது ஒரு துணைக்கோளின் பனிக்கட்டிக்கு அடியிலோ நடந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது காரணம் ஒளிந்திருத்தல். ஒருவழிப் பேஜர் எந்த அலையையும் வெளியே அனுப்புவதில்லை. செல்போன் அடிக்கடி கோபுரத்தோடு பேசித் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பேஜர் வெறுமனே காதைத் திறந்து வைத்திருக்கும். நெட்வொர்க்குக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் எல்லாக் கோபுரங்களும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியை ஒலிபரப்புகின்றன.

மூன்றாவது, நம்பகம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் 2019-இல்கூடச் சுமார் 1,30,000 பேஜர்கள் புழக்கத்தில் இருந்தன. தடித்த சுவர், அடித்தளம் என்று செல்போன் திணறும் இடங்களில் அது ஒலித்தது. இந்தக் காரணம் கொஞ்சம் சப்பென்று இருக்கும். இதை மட்டும் நம்பி ஒரு நாவல் எழுதவேண்டாம்.

2. எந்த வகைப் பேஜர் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு வகை போதும். வெறும் பீப் மட்டும் அடிப்பது, எண் காட்டுவது, எழுத்து காட்டுவது, இருவழி. இதில் இருவழியை ஒதுக்கிவிடுங்கள். அது நிஜத்தில் இருந்தது, ஆனால் கதைக்கு அது தரும் நன்மை ஒன்றுமில்லை.

எழுத்துப் பேஜரில் ஒரு பொக்கிஷம் உண்டு: ஆபரேட்டர். அனுப்புபவர் ஒரு எண்ணுக்குப் போன் செய்து, செய்தியை வாயால் சொல்ல, முகம் தெரியாத ஒருவர் அதைத் தட்டச்சு செய்து அனுப்புவார். காதல், மிரட்டல், மரணச் செய்தி எல்லாம் அந்த ஒருவர் காது வழியாகத்தான் போகும். அவர் ஒரு சொல்லை மாற்றினால்? தயங்கினால்? எதிர்காலக் கதையில் அந்த இருக்கையில் ஒரு இயந்திரத்தை உட்காரவைக்கலாம். என் வாக்கு மனிதருக்கே.

எண் பேஜரில் ஆபரேட்டர் தேவையில்லை. போனின் பொத்தான்களை அழுத்தினாலே போய்விடும். அந்தரங்கமான செய்திக்கு அது நல்லது, ஆனால் எல்லாவற்றையும் எண்ணில் அடக்கவேண்டும்.

3. நெட்வொர்க் தாளைத் தயாரியுங்கள்

இதுதான் உங்கள் முதல் ஆவணம். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இதற்கு அடிப்படையாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 'எம்.584' என்ற பரிந்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது 'பாக்சாக்' எனப்படும் முறை, உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்கியது. கணிதம் கண்ணைக் கட்டினால் கீழே உள்ள நான்கு சங்கதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

முகவரி: ஒவ்வொரு பேஜருக்கும் 'கேப்கோடு' என்று ஒரு எண். மொத்தம் 20,97,152 முகவரிகள்தான் உண்டு. உங்கள் செவ்வாய் நகரத்தில் 50 லட்சம் பேர் என்றால் ஒரு அலைவரிசை போதாது. யாருக்குப் பேஜர் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்ற அரசியல் அங்கேயே பிறந்துவிடுகிறது.

நான்கு ஒலி: ஒரே முகவரிக்கு நான்கு விதமாக அழைப்பு அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பீப். திரையைப் பார்க்காமலே அழைப்பது வீடா, வேலையிடமா, ஆபத்தா என்று பாத்திரத்துக்குத் தெரிந்துவிடும். பாக்கெட்டில் கைகூட விடாமல் முகம் மாறும் ஒரு காட்சியை இதை வைத்து எழுதலாம்.

குழு: நூறு பேஜர்களில் ஒரே முகவரியை எழுதிவைத்தால் நூறும் ஒன்றாக ஒலிக்கும். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை, உயிர்காக்கும் படகுக் குழுவெல்லாம் இப்படித்தான் கூடுகின்றன.

நகல்: மேலே சொன்னதன் மறுபக்கம் இது. உங்கள் முகவரியை இன்னொருவர் தன் பேஜரில் எழுதிக்கொண்டால் உங்களுக்கு வரும் அத்தனையும் அவருக்கும் வரும். உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது, நெட்வொர்க்காலும் முடியாது. கேட்பவர் எந்தத் தடயமும் விடுவதில்லை அல்லவா? அமெரிக்கப் போலீஸ் நீதிமன்ற அனுமதியோடு இந்த வித்தையைப் பயன்படுத்தியது. துப்பறியும் கதைக்கு இதைவிட மலிவான ஒற்றன் கிடைக்கமாட்டான்.

தாளில் இன்னும் இரண்டு வரி: கோபுரங்கள் எங்கே, அவற்றுக்குச் செய்தி எந்த வழியில் வருகிறது. இந்த இரண்டாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் விலை 7-ஆம் படியில் தெரியும்.

4. நேரக் கணக்கு: கதை இருப்பது இங்கேதான்

இரண்டாவது ஆவணம், செய்திப் பதிவேடு. கதையில் வரும் ஒவ்வொரு பேஜர் செய்திக்கும் ஒரு வரி. அதில் ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: சொன்ன நேரம், தட்டச்சு முடிந்த நேரம், ஒலிபரப்பான நேரம், பேஜர் ஒலித்த நேரம், ஆள் பார்த்த நேரம்.

உதாரணத்துக்கு, நிலவுச் சுரங்கத்தில் வேலை செய்யும் மல்லிகா என்று ஒரு பாத்திரம். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் 14:02-க்குப் பேசுகிறார். ஆபரேட்டர் தட்டச்சு செய்து முடிக்கும்போது 14:03. முன்னால் நாலைந்து செய்திகள் வரிசையில் நிற்க, ஒலிபரப்பு 14:04. பேஜர் அதே நிமிடத்தில் அதிர்கிறது. ஆனால் மல்லிகாவின் இரண்டு கைகளும் கேபிள் கட்டில் மாட்டியிருக்கின்றன. கட்டை முடித்து, மேல் கையுறையை உருவி, உடையின் மார்புத் திரையைத் துடைத்துப் பார்க்கும்போது 14:11. "14:06-க்குக் கதவு மூடும்" என்பது செய்தி. இந்த ஐந்து நேரங்களை எழுதி முடித்தபோதே பாதிக் கதை தயார்.

ஒலிபரப்புக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் கணக்கு இதோ. பாக்சாக் முறையில் விநாடிக்கு 512, 1200, 2400 பிட் என்று மூன்று வேகங்கள். 1200-இல், தூங்கும் பேஜர்களை எழுப்பும் முன்னோட்டம் 576 பிட், அதாவது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. அப்புறம் 40 எழுத்துச் செய்தி ஒன்று. எல்லாம் சேர்த்து ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். ஆக, தாமதம் காற்றில் இல்லை, மனிதரிடமும் வரிசையிலும்தான் இருக்கிறது.

மோட்டோரோலாவின் 'ஃப்ளெக்ஸ்' முறையில் வேறு ஒரு வேடிக்கை. அங்கே 4 நிமிடம் ஒரு சுற்று, அதில் 128 கட்டங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த ஒரு பேஜரைச் சுற்றுக்கு ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் விழிக்கும்படி அமைக்கலாம். அப்படியானால் தன் முறை வரும்வரை செய்தி காத்திருக்கும், அதிகபட்சம் 4 நிமிடம். வெடிகுண்டுக் காட்சிக்கு 4 நிமிடம் எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை.

விண்வெளி என்றால் ஒளியின் தாமதத்தையும் கூட்டுங்கள். பூமியிலிருந்து நிலவுக்கு 1.3 விநாடி. செவ்வாய்க்கு, இரு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சுமார் 3 முதல் 22 நிமிடம். அந்தத் தூரத்தில் உரையாடல் எப்படியும் சாத்தியமில்லை. எல்லாத் தகவலும் பேஜர் செய்தியாகவே மாறிவிடுகிறது. 2023 ஜூலையில் தவறான கட்டளையால் வாயேஜர் 2 விண்கலத்தின் ஆண்டெனா பூமியை விட்டு 2 டிகிரி விலகித் தொடர்பு அறுந்தது. கான்பெராவிலிருந்து நாசா அதை நோக்கி முழுச் சக்தியில் ஒரு கட்டளையைக் 'கத்தியது'. அது போய்ச் சேர 18.5 மணி நேரம், பதில் வந்ததா என்று தெரிய மொத்தம் 37 மணி நேரம். அந்த 37 மணி நேரம் அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காத்திருப்பைத்தான் நீங்கள் எழுதப்போகிறீர்கள்.

5. செய்தியின் வாசகத்தை எழுதுங்கள்

பாக்சாக்கின் எழுத்து முறையில் ஒரு எழுத்துக்கு 7 பிட். அதில் ஆங்கில எழுத்துகள் அடங்கும், தமிழ் அடங்காது. எனவே 1990-களில் நடக்கும் கதையில் பேஜர் திரையில் தமிழ் எழுத்து மின்னினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பியதாக வையுங்கள். எதிர்காலக் கதை என்றால் தாராளமாகத் தமிழைக் கொண்டுவரலாம், ஒரு வரியில் காரணம் சொன்னால் போதும்.

எண் பேஜர் இன்னும் சுவாரசியம். அதில் 0 முதல் 9 வரை, இடைவெளி, சிறுகோடு, அடைப்புக்குறிகள், அவசரத்தைக் குறிக்க ஒரு எழுத்து, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஜப்பானியப் பள்ளி மாணவிகள் ஒரு மொழியையே உருவாக்கினார்கள். எண்களின் உச்சரிப்பைக் கோத்து 0840 என்றால் 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம். கொரியாவில் 8282 என்றால் 'சீக்கிரம் சீக்கிரம்'. அமெரிக்காவில் 143 என்றால் 'ஐ லவ் யூ', ஆங்கிலச் சொற்களின் எழுத்து எண்ணிக்கைப்படி.

இவற்றை அப்படியே தூக்கித் தமிழ்ப் பாத்திரத்தின் கையில் கொடுக்காதீர்கள். நம்மிடமே சாமான் இருக்கிறது. தமிழ் எண்களில் 1 என்பது க, 2 உ, 4 ச, 7 எ, 8 அ. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் 'எட்டேகால் லட்சணமே' தனிப்பாடலில் எட்டு அ ஆகவும் கால் வ ஆகவும் மாறி 'அவலட்சணமே' என்று வசையாவது இந்த வழியில்தான். அந்த முறையில் 811 வந்தால் அக்கா. 81 என்றால் அகம், வீட்டுக்கு வா என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா கற்றுக்கொடுத்த விளையாட்டு, நூறு வருடம் கழித்து ஒரு விண்கலத்தில் எந்தக் கணினியாலும் உடைக்க முடியாத ரகசியமாக நிற்கும் கதையை நான் எழுதவில்லை. யாராவது எழுதுங்கள்.

சொற்கள் சினிமாப் பாட்டு வரியாக இருக்கவேண்டாம். ஒரு வரி என்றாலும் உரிமையாளர் இருக்கிறார், பதிப்பகம் அனுமதிக் கடிதம் கேட்கும்.

6. பதில் எப்படிப் போகும், யார் காசு கொடுப்பார்?

பேஜர் ஒலித்ததும் பாத்திரம் போனைத் தேடிப் போகவேண்டும். இந்தியாவில் பேஜர் சேவை 1995-இல் தொடங்கியது. அந்தக் காலச் சென்னையில் கதை நடந்தால், பஸ்ஸில் பீப் கேட்டவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மஞ்சள் பலகை போட்ட பிசிஓ-வைக் கண்டுபிடித்து, வரிசையில் நின்று, பையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கிறதா என்று துழாவவேண்டும். முன்னால் நிற்பவர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவர் இவர் பேசுவதை ஒட்டுக்கேட்பார்.

எதிர்காலத்திலும் இதற்கு ஈடான ஒன்றை உருவாக்குங்கள். பதில் சொல்லும் இடம் எங்கே, அங்கே போக எவ்வளவு நேரம், அங்கே யார் காவல், ஒரு பதிலின் விலை என்ன? பேஜர் வைத்திருப்பவர் மாத வாடகை கட்டுவார். பதில் சொல்ல அவரே மறுபடி செலவழிப்பார். அழைப்பது எளிது, பதில் சொல்வதுதான் செலவு. சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்குப் பேஜரை இலவசமாகக் கொடுத்து, பதில் பேச மட்டும் கூலியில் பிடித்தால், அந்த உலகத்தைப் பற்றி நீங்கள் வேறெதுவும் விளக்கவேண்டாம்.

7. எப்படிக் கெட்டுப்போகும் என்று எழுதிவையுங்கள்

1998 மே 19 அன்று கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் கட்டுப்பாடு இழந்து திரும்பிக்கொண்டது. அமெரிக்கப் பேஜர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஊமையாயின. டாக்டர்களைக் கூப்பிட முடியவில்லை. இதில் கவனிக்கவேண்டியது, அந்தப் பேஜர்கள் எதுவும் செயற்கைக்கோளைக் கேட்டவையல்ல. தரையிலிருந்த கோபுரங்களுக்குத்தான் செய்தி அந்த வழியாக வந்தது. நெட்வொர்க் தாளில் அந்த இரண்டாவது வரியை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

சின்னக் கேடுகளும் உண்டு. எல்லைக்கு வெளியே இருந்தபோது வந்த செய்தி பொதுவாகத் தொலைந்ததுதான், அது எங்கும் காத்திருக்காது. சில சேவைகளில் செய்திக்கு வரிசை எண் இருந்தது. 12-க்குப் பின் 14 வந்தால் நடுவில் ஒன்று போய்விட்டது என்று மட்டும் தெரியும், என்ன என்று தெரியாது. இந்த '13-ஆம் செய்தி' ஒரு சிறுகதைக்குத் தாராளமாகப் போதும். பிழைதிருத்தம் ஓரளவுக்கு உண்டு, அதையும் மீறிச் சிக்னல் சிதறினால் எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போகும். தப்பான எண்ணுக்குப் போன் போகும்.

8. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வில்லனின் பேஜரை வைத்து அவன் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது: ஒருவழிப் பேஜரில் நடக்காது. செய்தியைப் படித்துவிட்டான் என்று அனுப்பியவருக்குத் தெரிவது: அதுவும் நடக்காது. திரையில் தெரியும் நேரம் அனுப்பிய நேரமென்று துப்பறிவாளர் வாதிடுவது: அது பெரும்பாலும் பேஜரின் சொந்தக் கடிகாரம் காட்டும், வந்து சேர்ந்த நேரம். செய்திகள் ரகசியமானவை என்று எண்ணுவது: பழைய முறைகளில் மறைகுறியாக்கமே இல்லை, வானொலியும் கணினியும் இருந்தால் யாரும் படித்துவிடலாம்.

தாழ்வட்டப் பாதையில் பறக்கும் கலத்தில் சாதாரண ஊர்ப் பேஜர் ஒலிப்பது கொஞ்சம் நுட்பமான பிழை. கலம் விநாடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், அதற்கு வந்துசேரும் 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் சுமார் 3.7 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்ந்துவிடும். பாக்சாக் முறையோ 4.5 கிலோஹெர்ட்ஸ் மேலே, 4.5 கீழே என்ற வித்தியாசத்தில்தான் ஒன்றையும் பூஜ்யத்தையும் பிரிக்கிறது. பேஜர் குழம்பிப்போகும். அதை ஈடுகட்டத் தனிக் கருவி என்று ஒரு சொல் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரிடியம் நிறுவனம் 1998-இலேயே செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகக் கேட்கும் பேஜரை விற்றது. அப்புறம், வெற்றிடத்தில் பீப் கேட்காது. உடைக்குள் அதிர்வாகவோ தலைக்கவசத்துக்குள் ஒலியாகவோ வையுங்கள்.

வெடிக்கும் பேஜர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் ஹிஸ்புல்லா அமைப்பினர் வைத்திருந்த பேஜர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வெடித்தன. குழந்தைகளும் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள். கருவிகளுக்குள் முன்பே வெடிமருந்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின் 'பேஜர் ஒலித்தது' என்ற வரியை வாசகர் பழைய மாதிரி வாசிப்பதில்லை. நீங்கள் வெடிக்க வைக்காவிட்டாலும் அந்தப் பயம் காட்சியில் உட்கார்ந்திருக்கும் என்பதை எண்ணி எழுதுங்கள். வெறும் பரபரப்புக்காக அதை நகலெடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

9. உங்கள் செலவு, அனுப்பவேண்டிய தாள்கள்

பழைய பேஜர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது, வாங்கியே தீரவேண்டியதில்லை. வீட்டுப் பரணிலோ பழைய எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைத்தால் பேட்டரி போட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரு கையால் செய்திகளை எப்படி நகர்த்துவது, வெயிலில் திரை எவ்வளவு மங்கல் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அரிய பொருள் என்று சொல்லி விலை ஏற்றினால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரேடியோ கருவி வாங்கி நிஜப் பேஜர் செய்திகளைப் பிடித்துப் பார்க்கும் ஆசை வரும். பிறருக்கு வந்த செய்தியை இடைமறித்துப் படிப்பது சட்டச் சிக்கலில் மாட்டிவிடும், வேண்டாம்.

கதை முடிந்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் யூனிகோடில் அடித்த கோப்பு, முகவரியும் தொலைபேசி எண்ணும், கூடவே 'இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவரவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை' என்ற உறுதிமொழி. இந்த உறுதிமொழி இல்லாததால் மட்டுமே ஒதுக்கப்படும் கதைகள் உண்டு. எண் குறியீடுகள் வரும் கதை என்பதால் இன்னொன்று: எழுத்துருவை மாற்றும்போது 811 போன்றவை அச்சில் சிதைய வாய்ப்பிருக்கிறது, ஆகவே பிடிஎஃப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். செய்திப் பதிவேட்டை அனுப்பவேண்டாம். ஆசிரியர் நேரக் குழப்பம் என்று கேட்டால் எடுத்துக்காட்ட உங்களிடம் இருக்கட்டும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிந்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் இந்தியாவில் இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், படிவம் 14. விண்ணப்பித்த பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருந்துதான் பரிசீலனையே தொடங்கும். இடையில் நிற்பவர் 'அவசரக் கட்டணம்' என்று பேச ஆரம்பித்தால் நம்பாதீர்கள், அந்த 30 நாளை அவர் குறைக்க முடியாது. கதை ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது, வெளியிட்டவர் வேறொருவர் என்றால் அவரிடமிருந்து ஆட்சேபணையில்லாக் கடிதமும் வேண்டும். அதை வெளியான கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.